ஒருவரும் உரிமை கோராத கைபேசி

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை எனக்கு அழைப்பெடுத்தார். கம்பெனி ஒரு புதிய அப் இறக்கியிருக்கிறதாம். வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டரில் என்னென்ன கருவிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று அதில் தெரியுமாம். அறிமுகமில்லாத எல்லாவற்றையும் ஒரே தட்டில் தடுத்துவிட ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டாம். "நீங்க வேல செய்யக்க இது இரிந்திருந்தா எவ்வளவு லேசு சேர்" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பொத்தான் இல்லாமலேயே, ஒவ்வோர் எழுத்தாகக் கையால் அடித்து ஒரு கல்யாணத்தைக் குலைக்கப் பார்த்தவன் நான். பொத்தானும் இருந்திருந்தால் கல்முனையில் பாதி மாப்பிள்ளைமார் அவரவர் உம்மா வீட்டில்தான் இருந்திருப்பார்கள். அந்தக் கதையை எழுதித் தரும்படி அவர் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

நான் அந்தத் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்தபோது வேலை என்றால் கம்பத்தில் ஏறுவதுதான். பிறகு கம்பி வழியே இன்டர்நெட் வந்தது. பிறகு கம்பியே போய்க் கண்ணாடி இழை வந்தது. ஒவ்வொன்றுக்கும் கொழும்புக்குக் கூப்பிட்டு மூன்று நாள் படிப்பித்து, ஒரு சான்றிதழும் ஒரு தொப்பியும் தந்து அனுப்பினார்கள். படித்தது பாதி மறந்துவிட்டது. தொப்பிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

கொழும்பில் சொல்லித்தராத பாடங்கள்தான் அதிகம். எங்கள் பக்கத்தில் ரவுட்டரை வீட்டுக்கு வந்த பெறுமதியான சாமானாக நினைப்பார்கள். ஆகவே அது கண்ணாடி அலுமாரிக்குள், வெளிநாட்டிலிருந்து வந்த டினர் செட்டுக்குப் பக்கத்தில், பின்னல் துணி போர்த்தியபடி இருக்கும். அலுமாரி பூட்டியிருக்கும். சிக்னல் வரவில்லை என்று முறைப்பாடு வரும். நான் போய்த் திறப்பு வாங்கி, அலுமாரியைத் திறந்து, துணியை எடுப்பேன். சிக்னல் வரும். "ஜவாத் சேர்ர கை நல்ல கை" என்பார்கள். நான் போனதும் மறுபடி துணியைப் போர்த்துவார்கள்.

பாஸ்வேர்ட் விடயத்தில் எங்கள் ஊரின் ஒற்றுமையை வேறெங்கும் காண முடியாது. பிஸ்மில்லாஹ் என்று அடித்து, பக்கத்தில் 786 போடுவார்கள். ஒருமுறை ஓர் ஒழுங்கையில் ஒன்பது வீட்டுக்குப் போனேன். எட்டு வீட்டில் அதுதான் பாஸ்வேர்ட். ஒன்பதாவது வீட்டுக்காரர் படித்தவர். அவர் முதலில் 786ஐப் போட்டு, பிறகு பிஸ்மில்லாஹ் போட்டிருந்தார். இதை மாற்றி, வாயில் நுழையாத ஒரு பாஸ்வேர்டை நான் வைத்துக் கொடுத்தாலும் பயனில்லை. வீட்டுக்கு வந்தவர் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மரக்கறிக்காரர், மௌலவி, சீட்டுக்கு வரும் பெண்கள், எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லுவதா என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

இந்த ஊர்களுக்கு எங்கள் மேலதிகாரியாக வந்தவர் புவனேஸ்வரி மிஸ். காரைதீவுக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாங்கள் ஏதாவது பிழை செய்துவிட்டுப் போய் நின்றால், எழும்பி வந்து தன் கையாலேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ" என்பார். அவர் மட்டும் நிற்பார். அந்தக் கதிரைக்கு நாங்கள் பட்ட பயம் கம்பத்தில் மின்சாரம் அடிக்கும் என்று பட்ட பயத்தை விடப் பெரிது.

ஒரு வீட்டு ரவுட்டரை எந்த ஒழுங்கில் பூட்டவேண்டும் என்று அவர் ஒரு தாளில் அச்சடித்து எங்களுக்குத் தந்திருந்தார். முதலில் ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டை மாற்று. கம்பெனி போட்டனுப்பியதை அப்படியே விடாதே. அதை விட்டுவிட்டு வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றுகிறவன், கேற்றைப் பூட்டிவிட்டு வீட்டைத் திறந்துவைத்தவன். அடுத்தது, அமத்தினால் பாஸ்வேர்ட் இல்லாமலே ஆளை உள்ளே விடும் அந்தச் சின்னப் பொத்தானை நிறுத்து. வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக ரவுட்டருக்குள் வரும் பாதையை மூடு. பாதுகாப்பு வகையைத் தெரிவு செய்யும்போது ஆகப் புதியதை மட்டும் போடாதே, பழைய போன்கள் இணையாமல் நிற்கும். பழையதும் புதியதும் கலந்ததைப் போடு. வைஃபைக்கு வீட்டுக்காரர் பெயரை வைக்காதே. கடைசியாக, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் யாருடையது என்று வீட்டாரிடம் கேள்.

தாளின் அடியில் இரண்டு வரி தடித்த எழுத்தில் இருக்கும். ஒருவரும் உரிமை கோராத கருவியை உடனே தடுக்கக் கூடாது, ஏழு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. தடுத்தால், ஏன் தடுத்தேன் என்று வேலைத்தாளில் ஒரே வசனத்தில் எழுத வேண்டும் என்பது மற்றது. எழுதிய வசனத்தை மிஸ் தன் வாயால் வாசிப்பார். நாங்கள் இருந்து கேட்க வேண்டும்.

அந்த ஏழு நாளைத்தான் நான் ஒரு சனிக்கிழமை விழுங்கினேன்.

கடற்கரை வீதிக்கு அடுத்த ஒழுங்கையில் ஹபீபா ராத்தாவின் வளவு. கணவர் மௌத்தாகிவிட்டார், ராத்தா விதவை. முன்வீடு மூத்த மகளுக்கு, மருமகன் கட்டாரில். பின்வீடு இளைய மகள் ஸஜீனாவுக்கு. அவள் பாடசாலை ஆசிரியை. கல்யாணம் முடிந்து மூன்று கிழமை. மாப்பிள்ளை நவ்ஷாத் இறக்காமத்துப் பிள்ளை, விவசாயிகளுக்கான கமநல நிலையத்தில் உத்தியோகம். எங்கள் வழக்கப்படி அவர்தான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே ரவுட்டர்.

"இன்டர்நெட் ஊருது தம்பி" என்றார் ராத்தா. "மாசத்துக்குத் தாற டேட்டா பாதி மாசத்துக்கு வருதில்ல. பொறத்தால ஊட்டாக்கள்தான் களவெடுக்கிறாங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

பின்வளவு மதிலுக்கு அப்பால் இருந்த வீட்டோடு அவருக்கு ஒரு முருங்கை மரத்தால் வந்த பழைய கோபம். நான் அதில் தலையிடவில்லை. மிஸ்ஸின் தாள்படி எல்லாவற்றையும் முடித்து, பட்டியலுக்கு வந்தேன். பின்வீட்டு ஹோலில் எல்லாரையும் கூட்டிவைத்து, பாடசாலையில் இடாப்புக் கூப்பிடுவதுபோல் வாசித்தேன். பெயரை வாசித்ததும் உரியவர் தன் போனில் வைஃபையை நிறுத்தவேண்டும். பட்டியலில் அந்த வரி மறைந்தால் அது அவருடையது. இரண்டு டீவி, பேரப்பிள்ளைகளின் டப்லெட், கேற்றடிக் கமரா, ஸஜீனாவின் மடிக்கணினி, மூத்த மகளின் போன் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிவந்தன. 'சிங்கம்' என்று ஒரு கருவி இருந்தது. யாருடையது என்று கேட்டேன். ஹபீபா ராத்தா வெட்கத்தோடு கையை உயர்த்தினார். பேரன் வைத்த பெயராம்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. பெயரில்லை, பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் மட்டும். மற்ற எல்லாக் கருவிகளும் சேர்ந்து தின்றதை விட அது தனியாகத் தின்றிருந்தது. அந்த நேரத்திலும் தின்றுகொண்டிருந்தது.

"இது யார்ட?" என்றேன். ஒருவரும் உரிமை கோரவில்லை. "மாப்பிள்ளைர போன் எது?"

ராத்தா உதட்டில் விரலை வைத்தார். நவ்ஷாத் அடுத்த அறையில்தான் இருந்தார். வாசலில் ஒரு திரை மட்டும். ராத்தா என் காதுக்குக் கிட்ட வந்து, "அவர் எங்கட வைஃபை பாவிக்கிறல்ல தம்பி. அவர்ர சொந்த டேட்டாதான். மானமுள்ள மனிசன். அவருக்கிட்டப் போய் போனக் காட்டுங்க எண்டு கேட்கேலுமா?" என்றார்.

ஸஜீனா சட்டென்று எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். என்னிடம் ஏற்கனவே ஒரு தேத்தண்ணி இருந்தது. பாதிகூடக் குடித்திருக்கவில்லை. ரவுட்டரின் எந்தப் பச்சை விளக்கு எத்தனை தடவை மின்னினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒரு புதுப்பெண் தேவையில்லாமல் தேத்தண்ணி ஊற்றப் போனால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. இதற்கு எந்தத் தொப்பியும் தரவில்லை.

"அப்ப இது வெளி ஆள்தான்" என்றேன்.

அவ்வளவு நேரம் காதுக்குள் கதைத்த ராத்தா, இப்போது மதிலுக்கு அப்பால் கேட்கவேண்டும் என்று குரலை எடுத்தார். "வெட்டுங்க தம்பி. அடுத்தவன்ட சாமான்ல உசிர் வாழுற கள்ளன இப்பவே வெட்டுங்க. வெக்கம் கெட்டவன். கேட்டா குடுத்திரிப்பமே."

எங்களுக்கும் மதிலுக்கும் நடுவில்தான் மாப்பிள்ளை இருந்த அந்த அறை. நான் பன்னிரண்டு எழுத்தையும் தடைப்பட்டியலில் அடித்து, சேமித்தேன். ஏழு நாள் விதி ஞாபகம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் சுற்றி நின்று கள்ளன் வெட்டுப்படுவதைப் பார்க்கக் காத்திருக்கும்போது, ஏழு நாள் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இதுதான் என் பக்கத்து நியாயம். எழுதிப் பார்க்கும்போது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு நிமிடத்தில் திரையை விலக்கிக்கொண்டு நவ்ஷாத் வெளியே வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பேக். எனக்கு ஸலாம் சொன்னார். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து, "உம்மாவப் பார்த்திட்டு வாறன்" என்றார். அந்த வீட்டில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்கும் வழக்கமில்லை. மாமிக்குச் சொல்ல வேண்டியதைக் கலண்டருக்குச் சொல்வதுதான் மரியாதை. சந்திக்கு நடந்துபோய் பஸ் ஏறிவிட்டார்.

"உம்மாவில சரியான இரக்கம்" என்றார் ராத்தா பெருமையாக. நான் வேலைத்தாளில், 'இனந்தெரியாத நபர் இணைப்பைப் பயன்படுத்தியதால் தடுக்கப்பட்டது' என்று அழகான எழுத்தில் எழுதிவிட்டு, ஊற்றிய தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் ஹபீபா ராத்தாவும் ஸஜீனாவும் இருந்தார்கள். இருவருக்கும் கண் சிவந்திருந்தது. மிஸ் எழும்பி வந்து எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ ஜவாத்."

இருந்தேன். மிஸ் தாளை எடுத்து என் வசனத்தை ஆறுதலாக வாசித்தார். பிறகு கேட்டார்: "இந்த இனந்தெரியாத நபர் கல்யாணம் முடிச்சு எத்தின நாள்?"

எனக்கு விளங்கவில்லை. ஸஜீனா தலையைக் குனிந்துகொண்டு, "இருவத்திமூணு நாள் மிஸ்" என்றாள்.

"சாப்பாடு?"

"எங்கட ஊட்டுலதான்."

"அப்ப இனந்தெரியாத நபருக்கு மூண்டு நேரமும் சோறு குடுத்திருக்கினம்" என்று மிஸ் என்னைப் பார்த்துச் சொன்னார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. எனக்குக் கதிரையோடு நிலத்துக்குள் போனால் நல்லது என்று இருந்தது.

பிறகு ஸஜீனா எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் அவள்தான் நவ்ஷாத்துக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்தாளாம். மாமி வீட்டு வைஃபையைப் பாவிக்கிறார் என்று தெரிந்தால் தனக்குக் குறைவு என்று அவர் சொன்னதால், உம்மாவிடம் மறைத்திருக்கிறாள். அன்று என் முன்னால் அதை உடைக்க அவளால் முடியவில்லை. அவரோ அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கள்ளன் என்று மாமி சொன்னதும், வெட்கம் கெட்டவன் என்று சொன்னதும், உடனே கையிலிருந்த போனில் படம் நின்றதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கிறது.

"என்னோட கோவமில்லியாம் மிஸ். ஒவ்வொரு நாளும் எடுத்துக் கதைக்கிறார். ஆனா அந்த ஊட்டுக்குள்ள எந்த முகத்தோட வாற எண்டு கேட்கிறார்" என்று சொல்லி அழுதாள்.

ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நான் போய்க் கதைக்கேலுமா, மாமியாச்சே. பெரியாக்கள அனுப்பினா ஊரெல்லாம் தெரிஞ்சிரும். பொறகு பள்ளிவாசல், பஞ்சாயத்து எண்டு போகும். அங்க போன கதையொண்டு பொறகு ஒட்டின நான் காணல்ல, தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரு திட்டுக்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மிஸ் என் வேலைத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பி என் கையில் தந்தார். "வெட்டினவர்தான் இணைக்க வேணும். இது கம்பெனி வேலை, ஊர்ப் பஞ்சாயத்தில்ல. வேனை எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார்.

முதலில் ராத்தா வீட்டுக்குப் போய்த் தடையை நீக்கினேன். மறுபடி எந்தக் காலத்திலும் எந்த மடையனும் வெட்டாதபடி அந்தக் கருவியை அனுமதிப்பட்டியலில் சேர்த்தேன். அதற்கு ஒரு பெயர் போடும்படி ரவுட்டர் கேட்டது.

"என்ன பெயர் போட ராத்தா? நவ்ஷாத் எண்டு போடவா?"

மருமகன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத பெண் அவர். "மகன் எண்டு போடுங்க" என்றார்.

நான் ஆங்கில எழுத்தில் அப்படியே அடித்து, திரையைப் படமெடுத்துக்கொண்டேன். ராத்தா மருமகனுக்கு ஒரு பாத்திரத்தில் இனிப்பான வட்டிலப்பம் கட்டித் தந்தார். அது சூடாக இருந்தது. நான் வருவதற்கு முன்பே அவித்து வைத்திருக்கிறார்.

சம்மாந்துறை தாண்டி வயல் பாதையில் போகும்போதெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கருவி முகவரி, தடைப்பட்டியல், மனிதத் தவறு என்று நல்ல வசனங்களெல்லாம் வந்தன. இறக்காமத்தில் அவர்கள் வீட்டு வேலியை முந்தின கிழமைதான் யானை சரித்திருந்தது. நவ்ஷாத் அதைக் கட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் முற்றத்துக் கதிரையில் போனும் கையுமாக இருந்தார். வேலியை அவருடைய உம்மா கட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டு எழும்பினார். நான் ஒத்திகை பார்த்ததை ஒப்புவித்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். மரியாதையான பிள்ளைதான்.

"வெட்டினது பெரிசில்ல சேர். கள்ளன் எண்டு சொன்னது காதுல விழுந்திட்டு."

"அது உங்களச் சொன்னதில்ல மகன். ஒரு நம்பரத்தான் சொன்ன" என்று அந்தப் பன்னிரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"அந்த நம்பர் நான்தானே சேர்" என்றார்.

உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் ஒவ்வொரு வீட்டிலும் எழுத்தையும் இலக்கத்தையும் வாசித்து வெட்டியிருக்கிறேன். அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருந்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அதைத்தான் அவரிடம் கேட்டேன். அப்படி என்னதான் பார்த்தீர்கள், அவ்வளவு டேட்டா போயிருக்கிறதே என்று.

அவர் காதெல்லாம் சிவந்தது. "உம்மாவத்தான்" என்றார்.

பிறந்ததிலிருந்து உம்மாவை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்காதவராம். கல்யாணம் முடித்துக் கடற்கரைக்கு வந்ததிலிருந்து, வேலை விட்டு வந்ததும் வீடியோ எடுப்பாராம். உம்மா போனைக் குசினியில் மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டுச் சமைப்பாராம். இருவரும் பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. லீவு நாளென்றால் காலையிலேயே தொடங்கிவிடும். நான் கண்டுபிடித்த பெருங்கள்ளன் அவ்வளவு நாளும் ஒரு குசினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வட்டிலப்பத்தைக் கொடுத்தேன். திரையில் எடுத்த படத்தையும் காட்டினேன். 'சிங்கம்' என்ற வரிக்கு அடுத்த வரியைத் தொட்டு, "மாமி போடச் சொன்ன பெயர்" என்றேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சிறிதாக்கிப் பார்த்தார். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் அவருடைய உம்மா வேலிக்கம்பைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். பஞ்சாயத்துக்கு வந்தவன் என்று என்னை ஏசப்போகிறார் என்று நினைத்து நான் எழும்பி நின்றேன்.

"எப்ப கூட்டிட்டுப் போறீங்க தம்பி?" என்றார்.

"உம்மா" என்றார் நவ்ஷாத்.

"நீ சும்மா இரி. அங்க இரிக்கக்க ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் என்ட குசினியப் பார்த்துக்கொண்டு இரிந்தவன். இங்க வந்து நாலு நாள். குசினிப் பக்கம் ஒருக்காத் தலையக் காட்டினானா? யான தள்ளின வேலிய நிமித்தினானா? எழும்பினா அவளோட கதை, சாப்பிட்டா அவளோட கதை. நான் கூப்பிட்டா கையால காட்டுறான், பொறு எண்டு." அவர் என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "இவன அங்க கொண்டு போய் உடுங்க தம்பி. எனக்கு என்ட மகன் வேணும்."

நவ்ஷாத் உள்ளே போய் ஷேர்ட்டை மாற்றிக்கொண்டு அதே ஷொப்பிங் பேக்கோடு வந்தார். புறப்படுமுன் வேலியில் இரண்டு கம்பை அவசரமாகக் கட்டினார். உம்மா சிரிக்கவில்லை. அவர் கட்டியதை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினார்.

வேன் குளக்கட்டைக்கூடத் தாண்டியிருக்காது. அவருடைய போன் அடித்தது. எடுத்து முன்கண்ணாடிக்கு அடியில் சாய்த்துவைத்தார். ஓரக்கண்ணால் பார்த்தேன். உம்மாவின் அடுப்பும் ஒரு சட்டியும் தெரிந்தன. ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. நான் ரேடியோவைக் குறைத்துவிட்டு, பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினேன்.